பென்சிலால் போட்ட நாலு

ஒரகடம் தொழிற்சாலைப் பயிற்சி அறையில் எங்களுக்கு ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டரிங் வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒல்லி உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். முதல் தேர்வில் பக்கத்து அறை சார் தன்னிடம் படித்த எல்லோருக்கும் பத்துக்கு எட்டு மார்க் போட்டார். இவள் எனக்கு நாலு போட்டாள்.

“ரெண்டு புள்ள பெத்தவளுக்கு நாலு மார்க்கா? நாளைலேர்ந்து நான் வரல,” என்றேன்.

அவள் என் போர்டைத் திருப்பி, சரியாக ஒட்டாமல் ஆடிய கம்பியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“பென்சில்லதானே போட்டுக்கீறேன்? இன்னொரு தபா பண்ணுக்கா, அழிச்சிடறேன்.”

சாப்பாட்டு நேரத்திலும் பக்கத்தில் நின்று, அழித்து அழித்து எழுதினாள். கடைசியில் ஒன்பது வந்தது. எட்டு வாங்கியவர்கள் யாரும் மறுமுறை செய்து பார்க்கவில்லை.

இப்போது தொழிற்சாலை லைனில் நான் எதைச் செய்து கொடுத்தாலும் சூப்பர்வைசர் ‘ஓகே’ என்கிறார். நான்தான் திருப்பிப் பார்த்து, மனதுக்குள் ஆறு போட்டு, மறுபடி சால்டர் வைக்கிறேன்.