கரமனைச் சாக்கு

பழவங்காடியில் ஊர் ஊராகப் பார்சல் கொண்டுபோகும் மோட்டார் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. கற்பிக்கும் முறைகளைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். அதை முதலாளியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அப்பம் நல்லதாப் போச்சு சாமி,” என்றார் அந்த நாஞ்சில்நாட்டுக்காரர். “புது ஆளு மூணு பேருக்கும் நீரே சரக்கு ஏத்தப் படிச்சுக் கொடும். சனிக்கிழம நாகர்கோவில் வண்டிய அவங்கதான் ஏத்தணும். குளறுபடி ஆச்சுன்னா மூணு பேரையும் அனுப்பிருவேன்.”

அவர்கள் மூவருக்கும் குடும்பம் இருந்தது. எனக்குப் புத்தகம் இருந்தது.

முதல் நாள் பிரசங்கம் செய்தேன். ஒருவர் தூங்கிவிட்டார், மற்ற இருவர் மரியாதைக்காக விழித்திருந்தார்கள். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு, கோட்டைக்குள் எங்கள் தெருவில் வேதம் பழக்கும் முறைக்கு மாறினேன். நான் ஒருமுறை சொல்ல, அவர்கள் இருமுறை சொல்ல வேண்டும். கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை... வெள்ளிக்கிழமைக்குள் நாகர்கோவில் வரை ஸ்வரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஓதிக்கொண்டே வண்டிக் கூரையில் சரக்கை ஏற்றினார்கள். கரமனை, அதன்மேல் நேமம், அதன்மேல் பாலராமபுரம். கீழே நின்று தாளம் போட்டேன்.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். முதல் நிறுத்தம் கரமனை. டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். “சாமி, கரமனைச் சாக்கு எவிடே?”

“அடியில,” என்றார் கூரைமேல் இருந்தவர். “பாடத்துல அதானே சாரே ஆத்யம் வருது?”

கூடவே வந்திருந்த முதலாளி என் பக்கம் திரும்பினார். “மொதல்ல எறங்குறது கடைசியில ஏறணும்னு உம்ம வேதத்துல இல்லியோ?”

“தப்பு என்னுடையது. அவர்களை அனுப்ப வேண்டாம்.”

“அத அப்புறம் பாக்கலாம். இப்பம் எல்லாத்தையும் எறக்கும்.”

சாலையோரம் சாக்குமலை எழுந்தது. பாடத்தைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அப்போது முதல் நாள் தூங்கிய ஆசாமி வாய்க்குள் ஓதியபடியே சாக்குகளைச் சாலையோரம் வரிசையாகப் போட்டார். நாகர்கோவிலை எட்டியதும் வாயை மூடிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து திரும்பி நடந்து ஒவ்வொன்றாக மேலே கொடுக்க ஆரம்பித்தார். கடைசிச் சாக்கு கரமனை. அது ஏறவே இல்லை. நின்ற இடத்திலேயே ஒப்படைத்தோம்.

முதலாளி மீசையைத் தடவினார். “மூணு பேரும் இருக்கட்டும். இனிமே தூங்குன ஆளு படிச்சுக் கொடுக்கட்டும். சாமியும் படிக்கட்டும்.”

திங்கட்கிழமை அந்தத் தூங்கிய ஆசாமியின் வகுப்பில் நான் தூங்கவில்லை. தோளில் சாக்கு இருக்கும்போது யாருக்கும் தூக்கம் வருவதில்லை. இந்தக் கற்பிக்கும் முறை மட்டும் என் இரண்டு புத்தகங்களிலும் இல்லை.