வீப்கேயின் முட்டைக் கிண்ணங்கள்

"தள்ளாதே. தூக்கு," என்றாள் வீப்கே.

"தூக்கினா என் இடுப்பு போயிரும்," என்றான் மென்னோ.

"உன் இடுப்புக்கு டாக்டர் இருக்கார். இதுக்கு யார் இருக்கா?"

அலமாரியின் ஒரு பக்கத்தை மென்னோ பிடித்திருந்தான், மறுபக்கத்தை நான். மென்னோ அவளுடைய தங்கையின் புருஷன். நான் பக்கத்து வீடு. கிண்ணங்களையெல்லாம் முந்தின நாளே எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிப் படுக்கையறையில் வைத்துவிட்டாள். வெறும் அலமாரிதான், அப்படியும் கனத்தது. ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேரும்வரை எங்களைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

எங்கள் பக்கம் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நல்ல சாமானை ஜன்னலில் வைப்போம், அதன் முகம் தெருவைப் பார்த்திருக்கும். வீப்கேயின் ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவை ஒட்டிக் கால்வாய். அந்தக் கால்வாயின் தூக்குப்பாலத்தில்தான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். பாலத்தைத் தூக்கிவிட்டு, கம்பின் நுனியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட, உள்ளே குழிந்த ஒரு மரச்செருப்பைப் படகை நோக்கி வீசுவாள். படகுக்காரர் சுங்கத்தை அதில் போடுவார். ஒருமுறை சில்லறை இல்லாத ஒருவர் தன் படகுச் சமையலறையிலிருந்து ஒரு முட்டைக் கிண்ணத்தை எடுத்துச் செருப்பில் வைத்துவிட்டார். அவள் அதைத் திருப்பித் தரவில்லை. சுங்கத்தைத் தன் பையிலிருந்து போட்டாள். கதை படகுக்குப் படகு பரவியது. பிறகு சில்லறை இருந்தவர்களும் சுங்கத்தோடு கிண்ணம் போட்டார்கள். அவித்த முட்டையை நிறுத்திவைக்கும் சின்னக் கிண்ணங்கள். கோழிக் கால் வைத்த பீங்கான், கரை ஒதுங்கிய கட்டையில் குடைந்தது, ஏதோ ஓட்டலில் திருடியது.

வீப்கேவுக்கு முட்டை ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும்.

படகுக்காரர்கள் இன்றும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அவள் ஜன்னலருகே வேகத்தைக் குறைத்து, தங்கள் கிண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கையைத் தூக்குவார்கள். உள்ளேயிருந்து அவளும் தூக்குவாள். அலமாரி ஜன்னலோரம் நின்றது அதற்காக.

அடியிலிருந்து எரிவாயு எடுத்த நிலம் இது. அவ்வப்போது நடுங்கும். விரிசல் இல்லாத வீடு கிடையாது. வசந்தத்தில் வந்த நடுக்கத்தில் அலமாரியின் நடுக் கண்ணாடித் தட்டு ஆணியிலிருந்து நழுவிக் கீழே விழுந்து நீள நீளமாக உடைந்தது. இரண்டு கிண்ணங்கள் போயின. அன்றிலிருந்து மென்னோ அதையே பிடித்துக்கொண்டான்.

"இது பழைய கண்ணாடி, வீப்கே. உடைஞ்சா கத்தி கத்தியா வரும். சுவர்ல மாட்டாம ஜன்னலோரம் தனியா நிக்குது. ஒருநாள் உன் மேல சாயும்."

"சாயுறப்ப நான் சமையக்கட்டுல இருப்பேன்."

"சொல்லிட்டா வருது நடுக்கம்?"

"உன்ன மாதிரி தொணதொணன்னும் வரல."

கடைசியில் அவன் வேறு கேள்வி கேட்டான். "மிச்சமும் உடைஞ்சா படகுக்காரங்களுக்கு என்ன சொல்லுவே?"

மறுநாள் என் கதவைத் தட்டி, "சாமான் நகத்தணும், ஒரு கை பிடி," என்றாள்.

சுவரோடு சேர்த்து நிறுத்தி மென்னோ இரண்டு இரும்புப் பட்டைகளால் முடுக்கினான். கதவுகளுக்கும் தட்டுகளுக்கும் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி வாங்கியிருந்தான். அதை வாங்கியபின் அறுக்க முடியாது, அறுத்தால் மொத்தமும் பொடியாகிவிடும். அதனால் முன்பே மூன்று தடவை அளந்துபோயிருந்தான். தட்டுகள் நழுவாமல் ரப்பர் முட்டு வைத்தான். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் பட்டாணி அளவு ஒட்டுப்பசை. கனமானவை கீழ்த்தட்டில்.

"அழகானதெல்லாம் கனமானதுதான். எல்லாத்தையும் காலடியில வச்சுட்டே," என்றாள்.

"உள்ள விளக்கு போட்டிருக்கேன். தூரத்துலேர்ந்தும் தெரியும். ஒண்ணே ஒண்ணு, அலமாரிக்கு மேல எதையும் மாட்டாதே."

எங்கள் ஊரில் பெரிய பாராட்டு "ரொம்ப மோசமில்ல" என்பது. அவள் அதையும் சொல்லவில்லை. "இனிமே யார் பாக்கப்போறா இத?" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே அலமாரிக்கு மேல் தன் பாலத்தின் படத்தை மாட்டினாள். ஓய்வு பெற்றபோது கொடுத்தது, கனமான ஓக் சட்டம். கேட்டதற்கு, "சுவர் மொட்டையா இருந்துச்சு," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். வழக்கம்போல் நாற்காலிகளைச் சுவரோரமாக வட்டம் போட்டிருந்தாள். உள்ளே வருகிறவர் பிறந்தநாள்காரிக்கு மட்டும் கை கொடுத்துவிட்டு உட்கார முடியாது. வட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லவேண்டும். தங்கை ஆஃப்கேவுக்கு அக்காவை முன்னிட்டு வாழ்த்து, மென்னோவுக்கு மனைவியின் அக்காவை முன்னிட்டு, எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியை முன்னிட்டு. கை கொடுத்து முடிந்து, காப்பியும் கேக்கும் வந்தன. அலமாரிக்கு முன்னால் இருந்த நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"பாத்தியா மென்னோ," என்றாள் வீப்கே, "உன் வேலை மேல ஊருக்கு எவ்வளவு நம்பிக்கை."

மென்னோ கேக் தட்டோடு எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தலைக்கு மேல் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முள்கரண்டியை எடுத்தான்.

முதலில் சத்தம்தான் வந்தது, வாசலில் லாரி போவதுபோல. காப்பிக் கோப்பைகள் தட்டில் கடகடத்தன. தரை ஒருமுறை பக்கவாட்டில் உதறியது. படம் ஆணியை விட்டது. சட்டத்தின் மூலை அலமாரிக் கதவின் விளிம்பில் பட்டது.

கதவு அங்கே இல்லை. ஒரு மூட்டை கற்கண்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல் மென்னோவின் தலை, சட்டைக் காலர், மடி, கேக் எல்லாவற்றின்மேலும் கண்ணாடி மணிகள். முள்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஆஃப்கே கத்தினாள். "அசையாதே," என்று சொல்லி வீப்கே முதலில் போய்ச் சேர்ந்தாள். அவன் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். காதில் பூனை கீறினாற்போல் ஒரு கோடு. காலரை விலக்கி, உதறி, கழுத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை பார்த்தாள்.

"பழைய கண்ணாடியா இருந்தா..." என்று யாரோ ஆரம்பித்தார்.

அதற்கப்புறம்தான் வீப்கே அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். தட்டுகள் இருந்தன. கிண்ணங்கள் அத்தனையும் நின்றன. அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மென்னோவிடம் நீட்டினாள்.

"வாழ்த்துகள்."

"எதுக்கு?"

"உன் கழுத்துக்கு."

அவன் கை கொடுத்தான். உடனே ஆஃப்கே எழுந்தாள். அவளுக்குப் புருஷனை முன்னிட்டு வாழ்த்து. வட்டம் முழுக்க எழுந்து மறுபடி ஒருவருக்கொருவர் கை கொடுத்தோம், காலடியில் கண்ணாடி நொறுங்க. எனக்குப் பக்கத்து வீட்டுக் கிண்ணங்களை முன்னிட்டு வாழ்த்துச் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன். வீப்கே அவன் கையை இன்னும் விடவில்லை.

"அப்ப, வேலை ரொம்ப மோசமில்லயா?" என்றான் மென்னோ.

"படத்த மாட்டுனது நான். உன் வேலைக்கென்ன," என்றாள். "கேக்குதான் போச்சு."

மறுநாள் மழை. வீப்கே கம்பளத்தை இரண்டு முறை பெருக்கினாள். கேக்கைக் குப்பையில் போட்டாள். கண்ணாடி இருந்ததால் வாத்துகளுக்குப் போட முடியவில்லை. மென்னோ காதில் பிளாஸ்திரியோடு வந்து புதுக் கதவுக்கு அளவெடுத்தான். பாலத்தின் படத்தை நடைவழியில், கீழே யாரும் உட்காராத இடத்தில் மாட்டினார்கள். எரிவாயு நிறுவனத்திலிருந்து சேதத்தைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மதியம் மணல் ஏற்றிய படகு ஒன்று வந்து ஜன்னலருகே வேகத்தைக் குறைத்தது. வீப்கே அலமாரி விளக்கைப் போட்டாள். படகுக்காரர் கையைத் தூக்கினாரா என்று மழையில் தெரியவில்லை. அவள் தூக்கினாள்.