இரண்டு நாள் மருந்து

கத்தரிக்கோல் இல்லாமல் எங்கள் கடையில் வியாபாரம் நடக்காது. சிம்மக்கல்லில் முப்பத்திரண்டு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் பத்து நாளைக்கு எழுதியிருப்பார். வருகிறவர்கள், "மூணு நாளைக்கு மட்டும் குடுங்க" என்பார்கள். அட்டையை வெட்டி மூன்று மாத்திரையை உறையில் போட்டுக் கொடுப்போம். மீதி ஏழுக்கு வருவார்களா என்றால், பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆரம்பத்தில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டினால் பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு மாத்திரை வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், திட்டுவதை நிறுத்திவிட்டு வெட்ட மட்டும் செய்தேன். ஆனாலும் கேள்வி கேட்பதை நிறுத்த முடியவில்லை. சாப்பிட்டுப் போட்டியா, நேற்று போட்டியா, ஏன் போடவில்லை என்று எல்லோரையும் குடைவேன். "ஜனகராஜ் கடைக்குப் போனால் பரீட்சை எழுதிட்டுத்தான் வரணும்" என்று என் வீட்டுக்காரி நாகமணியே சொல்வாள்.

ஒச்சாயி முதல் தடவை வந்தது ஒரு பங்குனி மத்தியானம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தார். வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன். சீட்டை நீட்டும்போது தலைப்பு விலகியது. இரண்டு கண்ணும் மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி சிவந்து கிடந்தன. இமையை மூடித் திறக்கவே யோசித்தார்.

சீட்டில் இருந்தது விலை கூடின சொட்டு மருந்து. ஒரு பெட்டியில் முப்பது சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்தைந்தாக ஒட்டியிருக்கும். ஒன்றின் தலையைத் திருகி உடைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். காலையில் கண்ணுக்கு ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு.

"பெட்டி எம்புட்டுண்ணே?"

ஆயிரத்துச் சொச்சம் என்றேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ரெண்டு மட்டும் தருவீகளா?"

கண் மருந்தை வெட்டித் தரச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. வெட்டினேன்.

"இதை எத்தனை நாளைக்குண்ணே ஊத்தணும்?"

"நிறுத்தாம ஊத்தணும். நீங்க வேற ஏதோ மாத்திரை போடுறீங்கன்னு எழுதியிருக்காரே, என்ன மாத்திரை?"

பைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். எனக்குத் தெரிந்த அட்டைதான். மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்த பிறகு, திரும்ப வராமல் இருக்க ஐந்து வருடம் தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். அறுவைச் சிகிச்சையும் காப்பீட்டு அட்டையில் முடிந்துவிட்டது. அந்த மாத்திரை சிலருக்குக் கண்ணை வறளச் செய்துவிடும். அந்தக் கண்ணுக்கான மருந்தைத்தான் கைக்காசு போட்டு வெளியில் வாங்க வேண்டியிருந்தது.

"அப்ப இந்த மாத்திரையாலதான கண்ணு இப்படி ஆச்சு? இதை நிறுத்திப்புட்டா அந்தச் செலவு மிச்சந்தானண்ணே?"

சாதாரணமாகக் கேட்டார். காய்கறி வாங்கும்போது தக்காளி வேண்டாம், புளி போதும் என்று சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, கண்ணு எரியுதுன்னு உசிரை விடுவாங்களா? உனக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி?"

"மூணரை."

"மூணரை வருஷமும் போடணும். அடுத்த தடவை வரும்போது இந்த அட்டையைக் கொண்டு வா. நான் பார்ப்பேன்."

முன்பின் தெரியாத பெண்ணை இப்படி அதட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபிக்கவில்லை. "சரிண்ணே, வாரேன்" என்று போனார். சரியாக இரண்டு நாள் கழித்து வந்து, அட்டையைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். இரண்டு குழி காலியாக இருந்தது.

அன்று தொடங்கியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, பதினொரு மணி வாக்கில், பரவையிலிருந்து டவுன் பஸ் ஏறி வருவார். "இதுக்குன்னு இம்புட்டுத் தூரமா?" என்று கேட்டால், "பொம்பளையாளுகளுக்குப் பஸ்ஸு சும்மாதானண்ணே" என்பார். அட்டையைக் காட்டுவார். நான் குழியை எண்ணுவேன். குப்பிகளை வெட்டிக் கொடுப்பேன். கூட்டம் இல்லாவிட்டால் நின்று பேசுவார். அவர் கதை எனக்கு அப்படித்தான் கொஞ்சங்கொஞ்சமாகக் கிடைத்தது.

பிறந்தது எழுமலைப் பக்கம். புருஷன் பேயாண்டி பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பிள்ளை இல்லை. பேயாண்டி செத்து எட்டு வருடம் ஆகிறது. அதே மார்க்கெட்டில் ஒச்சாயி தக்காளி பொறுக்கிப் பிரிக்கும் வேலை செய்தார். ஆபரேஷன் முடிந்ததும் எழுமலையில் இருக்கும் தம்பி காளை வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அவருக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வைத்தார்கள். நான்காம் நாள் அந்தத் தட்டு சமையலறையிலிருந்து வாசல் குழாயடிக்கு வந்துவிட்டது.

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே. தம்பியும் ஒண்ணும் சொல்லல. அதான் கெளம்பிட்டேன்" என்றார்.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று அந்தக் காளைக்கு நான் போன் போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சொல்லியிருந்தாலும் என்ன ஆகிவிடும்? தட்டு உள்ளே வந்திருக்கும். அவ்வளவுதான்.

ஒருமுறை வழக்கத்தைவிடக் கண் வீங்கி வந்தார். மருந்து ஊற்றவில்லையா என்று கேட்டால், ஊற்றினேன் என்கிறார். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. உனக்குக் கண்ணில் தண்ணீர் சுரப்பதில்லை என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தம்மா யோசித்திருக்கிறார். மார்க்கெட்டில் ஹோட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோருக்கும் நாள் முழுக்கக் கண்ணீர் ஊற்றும். கூலிக்குக் கூலியும் ஆச்சு, கண்ணுக்குத் தண்ணியும் ஆச்சு என்று தக்காளியை விட்டு வெங்காயத்துக்கு மாறிவிட்டார்!

"வந்துச்சா?"

"எரிச்சல்தாண்ணே வந்துச்சு. தண்ணி வரல. பக்கத்துல இருக்கவளுக எல்லாம் மூக்கைச் சிந்திக்கிட்டு அழுகுறாளுக. நான் மட்டும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். உனக்கு நெஞ்சு கல்லுடின்னு சொல்றாளுக."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு நல்லாத் திட்டி, தக்காளிக்கே திருப்பி அனுப்பினேன்.

இப்படி ஒன்றரை வருடம். அந்த மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. குப்பி மட்டும் சில வாரம் தவறும். அந்த வாரம் மார்க்கெட்டில் வேலை குறைவு என்று அர்த்தம். கையில் காசில்லாத நாளிலும் வருவார். "குப்பி வேணாம்ணே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று அட்டையை மட்டும் காட்டிவிட்டுப் போவார். அந்தக் கண்ணோடு அவர் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடன் கொடுத்தால் வாங்க மாட்டார். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வழி கிடைத்தது. அந்த மருந்துக் கம்பெனி ரெப் வெங்கடேஷ்பாபு எங்கள் ஆள், சௌராஷ்டிராக்காரர். அவரை வீட்டுமொழியிலேயே நச்சரித்தேன். புற்றுநோயாளிகளுக்குக் கம்பெனியில் ஒரு சலுகை இருக்கிறது, சீட்டு நகல் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்றார். நகல் கொடுத்தேன். ஒரு மாதம் அலைக்கழித்த பிறகு இரண்டு பெட்டி வந்தது. அறுபது குப்பி. சல்லிக்காசு செலவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது! ஒச்சாயி வந்ததும் இரண்டு பெட்டியையும் துணிப்பையில் போட்டு நீட்டினேன்.

"ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம். வெயில்ல அலையாம வீட்டுல இரும்மா."

பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "நல்லா இருப்பீகண்ணே" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி ஒருமுறை கடையைப் பார்த்தார்.

அதன் பிறகு பதினொரு மணிக்கு அவர் வரவில்லை. வராதே என்று சொன்னவன் நான்தான். ஆனாலும் முதல் வாரம் அந்த நேரத்தில் தலை தானாக ரோட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு மறந்துபோனேன். வியாபாரம் இருக்கிறது, பிக்கல் பிடுங்கல் இருக்கிறது. இரண்டு மாதம் முடிந்தும் அவர் வரவில்லை. சாப்பிடும்போது நாகமணியிடம் சொன்னேன்.

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?" என்றாள்.

நம்பர் இல்லை. எந்தத் தெரு என்றும் தெரியாது. ஒன்றரை வருடம் அந்தம்மாவின் மாத்திரைக் குழிகளை எண்ணியிருக்கிறேன். வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எழுபதாவது நாள் பக்கம் வந்தார். முகத்தில் தலைப்பு இல்லை. கண் இரண்டும் வெள்ளையாக, தெளிவாக இருந்தன. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். பிரிக்கவே இல்லை.

"இது மிச்சம்ணே. வேற யாராச்சும் இல்லாதவுகளுக்குக் குடுங்க. எனக்குக் கண்ணு சரியாப் போச்சு."

எனக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா, ஒழுங்கா ஊத்துனா கேக்கும்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினேன். கண் தெளிய வேண்டுமென்றால் இந்தச் சொட்டை விடாமல் ஊற்றியிருக்க வேண்டும். ஒரு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

"அட்டை எங்கம்மா?"

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"ஒச்சாயி, மாத்திரை அட்டை எங்க?"

"வீட்டுல கெடக்குண்ணே."

"எத்தனை நாளா போடல?"

"நாப்பது நாளு இருக்கும். மொத நாளு மறந்துபோச்சு. ரெண்டாம் நாளு மறக்கலண்ணே, போடல. யாரும் கேக்கல. மூணாம் நாளும் யாரும் கேக்கல."

"கேட்டாத்தான் போடுவியா? என்கிட்ட வந்திருக்கலாம்ல?"

கத்திவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாயி குரலை உயர்த்தவில்லை.

"வீட்டுல அம்புட்டுக் குப்பி கெடக்கையில, என்னத்தச் சொல்லிட்டுண்ணே இங்க வாரது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வியாபாரம் தெரிந்தவன் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா என்னிடம் என்ன வாங்க வந்தார் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கே வர அவருக்கு இருந்த ஒரே சாக்கையும் சலுகை வாங்கிப் பறித்துவிட்டு, அதற்குப் பெருமை வேறு பட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலைநாளில் கடை அடைத்தது என் அப்பா இறந்ததற்குப் பிறகு அன்றுதான். புற்றுநோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை.

"கண்ணு இப்படி எரியுதுன்னு எங்ககிட்ட ஏம்மா சொல்லல? வேற மாத்திரை இருக்கே, மாத்திப் பார்த்திருக்கலாமே?"

"கண்ணு வலிச்சாக் கண்ணு டாக்டர்கிட்டதானம்மா சொல்லணும்" என்றார் ஒச்சாயி.

அவரைச் சொல்லி என்ன? எனக்கே தோன்றவில்லை. மருந்து விற்கிறவன் புத்திக்கு, ஒரு மருந்து செய்த கோளாறுக்கு இன்னொரு மருந்து விற்கத்தான் தெரியும்.

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். இதிலும் கொஞ்சம் எரியலாம், எரிந்தால் வந்து சொல்லுங்கள், நீங்களாக விடாதீர்கள் என்றார். நாற்பது நாளில் உள்ளே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ஸ்கேன். வெளியே மேசையில் நர்ஸிடம் பதிந்துகொள்ளச் சொன்னார்.

ஒச்சாயி முன்னால் போய் நின்றார். நான் அவருடைய பையையும் ஃபைலையும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"மாத்திரையை விட்டவங்களுக்கு வாரம் ஒருவாட்டி நாங்க போன் போட்டுக் கேப்போம்" என்றார் நர்ஸ், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்க எடுக்கலைன்னா இன்னொரு நம்பர் வேணும். கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா. தனியாத்தான் வந்தேன்."

யோசித்துச் சொன்னதில்லை அது. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வார்டிலும் இத்தனை வருடம் சொல்லிப் பழகிய பதில், கேள்வி முடிவதற்குள் தானாக வந்துவிட்டது. நர்ஸ் எழுதத் தொடங்கினார்.

"நான் வந்திருக்கேம்மா" என்றேன். "என் நம்பரை எழுதிக்கங்க."

ஒச்சாயி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அங்கே நிற்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.