பின்னோக்கி நடந்த இன்ஜினியர்

அந்த இன்ஜினியர் தொட்டில் கட்டினால் அதில் யானைக்குட்டியைப் போட்டு ஆட்டலாம். விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஜெபத்தின்போதுகூட அவருக்கு ஒரு கண் கூரையில்தான் என்று அவருடைய அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தாயில்லாத மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அவர் பின்னிவிட்ட சடை சாயங்காலம்வரை ஒரு முடி கலையாது. பிள்ளையின் கண்தான் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் மகள் தன் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

மகளைக் கைகோத்துப் பீடம்வரை அழைத்துப்போக வேண்டும் என்பது அவருடைய இருபத்துநாலு வருஷ ஆசை. கூடத்தில் தினமும் ஒத்திகை நடந்தது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பூ கட்ட அளவெடுக்க ஆலயத்துக்குப் போனவர், உள்ளே வாசலுக்கு மேலிருக்கும் பின்பக்க மாடியைத் தாங்கும் மர உத்தரங்களை ஏணி போட்டு ஏறி விரலால் தட்டிப் பார்த்தார். மழைநீர் இறங்கி நாலும் நடுவில் இற்றுப்போயிருந்தன.

“நாப்பது வருஷமா ஜனங்க அதுமேல நின்னுதானே பாடுறாங்க, பிரதர்? உங்களுக்கு விசுவாசம் இல்லையா?” என்றார் பாஸ்டர்.

“கர்த்தர்மேல நிறையவே இருக்கு பாஸ்டர். இந்தக் கட்டைமேலதான் இல்ல.”

மாடியை மூடினால் மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் தெருவில் நிற்க வேண்டும். இன்ஜினியர் லீவு போட்டார். இரும்பு முட்டுகளை வரவழைத்து உத்தரத்துக்கு இரண்டாக எட்டு முட்டுக் கொடுத்தார். மாடியில் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தார். கடைசி மூட்டையாக அக்காவையே ஏற்றிவைத்தார் என்பார்கள். அக்கா அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மகள் வந்து பார்த்தாள். முட்டுகள் நடுப்பாதையின் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றன. ஒரு ஆள் போகத்தான் இடம்.

“அப்பா, இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சேர்ந்து எப்படிப்பா போறது?”

மாடியிலிருக்கும் அத்தனை பேரின் கனத்தையும் கணக்குப் போட்டவர், கீழே நடக்கப்போகும் இரண்டு பேரின் அகலத்தை மறந்துவிட்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளித்தான் வைங்களேன்.”

“இத்துப்போனது அங்கதாம்மா. தள்ளி வெச்சா அது வெறும் அழகுக்குத்தான் நிக்கும்.” சுருண்டு முடிந்த அளவு டேப்பை மறுபடி மறுபடி சுருட்டினார். “நீ தனியா நடந்து வா. நான் முன்னாடியே போய் நின்னுக்குறேன்.”

மறுநாள் மாடி நிரம்பி வழிந்தது. வாசலில் மகள் நகர மறுத்தாள். “தனியா போகமாட்டேன்பா.”

அவர் முட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் பற்றிக்கொண்டாள். அவர் பின்னோக்கி நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு முட்டில் ஒன்றிலும் தோள் உரசவில்லை. மணப்பெண்கள் மாப்பிள்ளையைப் பார்த்து நடக்கும் பாதையில் அவள் அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்து நடந்தாள்.

முட்டுகள் முடிந்தன, பாதை அகன்றது. அவர் திரும்பவில்லை.

“டேய், எல்லாம் தாண்டியாச்சுடா!” மாடியிலிருந்து அக்கா கத்தினாள். “திரும்பி நட, மாப்பிள்ளைமேல போய் மோதிக்கப்போற!”

“இரு அக்கா,” என்றார் அவர், மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னும் கொஞ்சம் பார்த்துக்குறேன்.”