துப்பாக்கி பிடிக்காத மிலிட்டரிக்காரர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் போடியிலிருந்து போன். ஜீப் டிரைவர் பாண்டி.

"சார், மிலிட்டரி கடை அண்ணே போயிட்டாக. கடை திறக்கணும்னு எந்திரிச்சவுக அப்படியே சாஞ்சுட்டாக. நாலு மணிக்கு எடுக்குறோம். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நீங்கதேன் வாசகம் எழுதணும். வெரசா வாங்க."

மதுரையில் பஸ் ஏறினேன்.

பழைய வாசகர்களுக்கு சின்னமாயனை நினைவிருக்கலாம். எட்டு வருஷத்துக்கு முன் இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதினேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரில் அவருடைய சின்ன மளிகைக்கடை. பட்டாளத்திலிருந்து வந்தவர் வைத்த கடை என்பதால் மிலிட்டரி கடை. பெயரைக் கேட்டு பிரியாணி தேடி வந்து ஏமாந்தவர்களும் உண்டு. நான் போடியில் பேங்க் வேலை பார்த்தபோது மூன்று வருஷம் என் சாயங்காலங்கள் அந்தக் கடையில்தான் கழிந்தன.

பத்தியில் என்ன எழுதினேன்? உறைபனியில், கண் இமைக்காமல், துப்பாக்கியோடு எல்லையில் நின்ற வீரர் என்று எழுதினேன். ஏகப்பட்ட பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

ஒரே ஒரு சிக்கல்... அது உண்மை இல்லை.

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. "எந்தப் பக்கம்ணே வேலை?" என்று கேட்டேன். "லடாக்" என்றார். மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். பட்டாளம் என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் எல்லை — இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க நமக்கெல்லாம் என்றைக்குத் தோன்றியிருக்கிறது?

பத்தி வந்த பிறகு ஒருநாள் கடைக்குப் போனேன். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாக ஆரம்பித்தார். தான் அங்கே சமையல்காரர், துப்பாக்கியைத் தொட்டதே ட்ரெயினிங்கில்தான், ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள் என்றார். நான் சிரித்தேன். உங்களுக்குப் பெருமைதானே அண்ணே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"சுட்டவுக வேற ஆளுக சார். செத்தவுகளும் இருக்காக. அவுக பேரை நான் எடுத்துக்கிறது நல்லாவா இருக்கு?"

போடுகிறேன் என்று சொன்னேன். போடவில்லை. பத்தி எழுதுகிறவனுக்குத் தன் தப்பை ஒத்துக்கொள்வது, பல்லைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. இன்னும் இரண்டு தடவை கேட்டார். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நானும் நிம்மதியாக மறந்துபோனேன்.

துக்க வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. பாண்டி ஓடி வந்து செல்போனை நீட்டினான். பேனர் டிசைன் ரெடி. பின்னால் பனிமலை, ஒரு டாங்கி, இரண்டு போர் விமானங்கள். நடுவில் யாரோ ஒருவரின் சீருடை உடம்பில் சின்னமாயனின் தலை, கையில் பெரிய துப்பாக்கி. அடியில் என் பத்தியிலிருந்து அதே வரி! எட்டு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். இந்த வரிக்கு மேல் இன்னும் நாலு வரி வேண்டுமாம்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உள்ளே போனேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த குரல்.

"ஒங்ககிட்ட மூணு தடவ சொன்னாக சார். இந்தப் படத்த வாசல்ல கட்டுனா, பொய்யோட அனுப்புன மாதிரி ஆயிரும். மாத்திக் குடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

வெளியே வந்து பாண்டியிடம், சமையல்காரர் என்று போடுவோம் என்றேன். அவன் ஒரேயடியாக மறுத்தான். மலைக்குப் போகிற சனமெல்லாம் பார்க்கும், மிலிட்டரி அண்ணனைப் போய் சமையல்காரர் என்று போட்டால் கேவலம் என்றான். அவனைச் சொல்லி என்ன, அவன் தலையில் ஏற்றியதே நான்தானே?

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "பாண்டி, செல்லத்தாய் ஞாபகம் இருக்கா?"

நீட்டிக்கொண்டிருந்த செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

நான் போடியில் இருந்த காலத்தில் நடந்தது அது. மலைக்குப் போகும் பெண்கள் காலையில், காலில் அட்டை ஏறாமல் தடவ மூக்குப்பொடி, பன், வெற்றிலை வாங்க அவர் கடைக்குத்தான் வருவார்கள். வாங்கும்போதே தலையை எண்ணிக்கொள்வார். சாயங்காலம் இறங்கும்போது மறுபடியும் எண்ணுவார். ஒரு மழை நாளில் பாண்டியின் ஜீப் வந்து நின்றது. போனது பன்னிரண்டு, வந்தது பதினொன்று என்றார். ராசிங்காபுரத்துச் செல்லத்தாயைக் காணோம். வேறு ஜீப்பில் வந்துவிடுவாள் என்றான் பாண்டி. வந்துவிடுவாள் என்று நானும் ஒத்து ஊதினேன். அவர் ஸ்டாண்டில் இருந்த அத்தனை ஜீப்பிலும் விசாரித்தார். பிறகு கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பாண்டி வண்டியில் ஏறி, திருப்பு என்றார்.

பேங்க் ஆபீசரான நான் மூக்குப்பொடி விற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருட்டிய பிறகு திரும்பினார்கள். பின்சீட்டில் கால் முறிந்து, குளிரில் விறைத்துப்போய் செல்லத்தாய். தோட்டத்து ஓடைப் பள்ளத்தில் விழுந்து, கூப்பிடக் குரல் இல்லாமல் மழையில் கிடந்திருக்கிறாள். விடியும்வரை தாங்கியிருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எப்படிண்ணே இப்படி எண்ணுறீங்க என்று அன்றைக்குக் கேட்டேன்.

"சமையக்காரன் புத்தி சார். நாப்பது தட்டு வைப்பேன். ஒரு தட்டு மிஞ்சுனா எனக்குச் சோறு எறங்காது."

பாருங்கள்... சமையல்காரர் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார். என் காதில்தான் ஏறவில்லை. கண் முன்னால் ஒரு உயிரைக் காப்பாற்றிய மனிதரை விட்டுவிட்டு, பார்க்காத பனிமலையைப் பற்றி எழுதியிருக்கிறேன். நாம் தேடுகிற வீரம் எப்போதும் ஆயிரம் மைல் தள்ளித்தான் இருக்க வேண்டுமா?

பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனர் கடைக்கு போன் போட்டான். துப்பாக்கியை எடுக்கச் சொன்னான். அந்தப் பக்கம் பேசிய பேனர் கடைத் தம்பிக்கு மனசே இல்லை — விமானத்தையாவது விட்டு வைக்கலாமே என்று கேட்டதாம்.

மூன்றரைக்கு பேனர் வந்தது. கை வைத்த பனியன், வேட்டி, கடை வாசலில் நிற்கிற சின்னமாயன். கீழே இரண்டு வரி. 'பட்டாளத்தில் பதினேழு வருஷம் சமைத்தவர். மலைக்குப் போனவர்கள் எல்லோரும் இறங்கும்வரை கடை அடைக்காதவர்.'

பேச்சியம்மாளை வாசல்வரை அழைத்து வந்து காட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்பத்தேன் அவுக மாதிரி இருக்காக" என்றார்.

ஆக, திருத்தம்: எட்டு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் போடி சின்னமாயன் துப்பாக்கியோடு எல்லையில் நின்றார் என்று எழுதியிருந்தேன். அவர் சமையல்காரர்.

தவறுக்கு வருந்துகிறோம் என்று முடிப்பது வழக்கம் — அவர் உயிரோடு இருந்து படிக்கும்போதே வருந்தியிருக்கலாம்.