எங்ராசியாவின் எண்ணிக்கை

எங்ராசியாவுக்குக் காது மந்தமான விஷயம் ஊரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் முந்தெட்டா. தெர் ஆற்றங்கரை நெசவாலையில் முப்பத்தொரு வருஷம் அடுத்தடுத்த தறிகளில் நின்றவர்கள் இருவரும். அந்த இரைச்சல் எங்ராசியாவின் காதை மட்டும் தின்றது. கடவுளுக்கும் ஓரவஞ்சனை உண்டு.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் சதுக்கத்தில் சர்தானா ஆடுவார்கள். கைப்பைகளையும் கோட்டுகளையும் நடுவில் குவித்துவிட்டுக் கைகோத்து வட்டம் கட்டுவார்கள். யார் வந்தாலும் வட்டத்தில் இடமுண்டு. எண்ணுகிறவர் மட்டும் ஒருவர்தான். பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை அடி, எந்தக் காலில் முடிப்பது என்று இசையைக் கேட்டே கணக்குப் போட்டு அவர் சொல்லவேண்டும். இசை நிற்கும்போது கால்களும் நிற்கவேண்டும். ஊர் ஆட்டச் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாக அது எங்ராசியாவின் வேலை. ஆலையில் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. சதுக்கத்தில் நாற்பது பேர் அவள் வாயையே பார்த்து நின்றார்கள். கல்யாணம், பிள்ளை என்று எதுவும் வாய்க்காதவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. விட மனமில்லை.

முதலில் கேட்காமல் போனது வாத்தியக் குழுவின் சின்னக் குழல். அது தனியாக ஒலிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் முந்தெட்டா கோத்த கையை ஒருமுறை அழுத்துவாள். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

இந்தத் திருவிழாவில் பக்கத்து ஊர்ச் சங்கங்களும் வந்திருந்தன. யாரும் கேட்டிராத புதுப்பாட்டு. அதில் ஒரு பகுதி குழலில் மட்டும் தொடங்கியது. கை அழுந்தவில்லை. எங்ராசியாவின் எண்ணிக்கையில் இரண்டு அடி குறைந்தது. இசை இன்னும் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் வட்டம் மட்டும் கையைத் தொங்கப்போட்டு நின்றது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் கலைந்ததும், கயிற்றுச் செருப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த முந்தெட்டாவிடம் எங்ராசியா போனாள்.

“ஏன்டி அழுத்தல?”

“மறந்துட்டேன்.”

“நாலு வருஷமா மறக்காதவளுக்கு இன்னிக்குத்தான் மறந்துச்சோ?”

முந்தெட்டா நிமிர்ந்தாள். “ஆமா, வேணும்னுதான் அழுத்தல. இப்ப என்னங்கிற? என் காதுல கேட்டு நீ எண்ணுன, பேரு மட்டும் உனக்கு. முந்தெட்டா இல்லாம முடியாதுன்னு ஒரு நாளாச்சும் யார்கிட்டயாவது சொன்னியா?”

சொன்னதில்லைதான். அதுதான் எங்ராசியாவுக்கு இன்னும் எரிந்தது.

சங்கத் தலைவர் எர்மெங்கோல் குழைந்து குழைந்து வந்தார். “நீங்க எவ்வளவோ செஞ்சாச்சும்மா. இனிமே முந்தெட்டாக்கா எண்ணட்டுமே?” முந்தெட்டா செய்த துரோகத்தைப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் காது போன கதையையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? எங்ராசியா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். முந்தெட்டாவுக்கு நேர் எதிரே இரண்டு பேர் கையைப் பிரித்து நுழைந்துகொண்டாள். கணக்குத் தப்பவேண்டும், ஊர் சிரிக்கவேண்டும் என்று ஆட்டம் முழுக்க வேண்டிக்கொண்டாள். தப்பவில்லை. கடைசி அடியும் கடைசிச் சுரமும் ஒன்றாக விழுந்தன.

பக்கத்தில் கைகோத்திருந்த வெளியூர்க்காரர் ஏதோ கேட்டார். இரண்டாம் முறை உரக்கக் கேட்ட பிறகே அவளுக்கு விளங்கியது.

“என்ன அழகா எண்ணுறாங்க! யாருங்க அந்தம்மா?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் எங்ராசியா.