கப்டனின் நான்காவது கால்

அப்பா எங்கள் நாய்க்குக் கப்டன் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை செய்தார். வருடத்தில் ஒன்பது மாதம் யாரோ ஒரு கப்டனின் சொல்லுக்கு அடங்கி நடப்பவர், வீட்டில் நிற்கும் மூன்று மாதமாவது ஒரு கப்டனைப் பார்த்து 'இரு', 'எழும்பு', 'போய்ப் படு' என்று சொல்ல ஆசைப்பட்டார். நாயும் அந்தப் பதவிக்குக் குறைவில்லாமல் எங்கள் யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. அப்பா சொன்னால் மட்டும் கேட்கும்.

மண்ணிறத்தில் சாதாரண ஊர் நாய்தான். முன் வலது பாதம் மட்டும் வெள்ளை, சுண்ணாம்பு வாளிக்குள் தவறிக் காலை வைத்தது போல. இந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் அப்பா அதைத் துறைமுக வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாராம்.

எங்கள் வீடு திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் போகிற தெருக்களில் ஒன்றில் இருந்தது. மாடியில் ஏறி நின்றால் கப்பல்கள் தெரியும். ஆனால் அப்பாவின் கப்பல் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. கொழும்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம் ஏறி, வேறு ஏதோ நாட்டில்தான் அவர் தன் கப்பலைப் பிடிப்பார். வாசலில் துறைமுகத்தை வைத்துக்கொண்டு இது என்ன அலைச்சல் என்று அம்மா ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார். கப்பல் ஏதாவது துறைமுகத்தைச் சேர்ந்து, போனில் இணையம் கிடைத்ததும் அப்பா முதலில் கேட்பது கப்டனின் படத்தை. என் பரீட்சைப் புள்ளிகளை அதன் பிறகுதான் கேட்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. என் புள்ளிகளைவிடக் கப்டன் நன்றாகவே இருந்தது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அது நடந்தது. அம்மா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். வீடு திரும்ப ஐந்து மணியாகும். நான் இரண்டு மணிக்கே வந்துவிடுவேன். அதுவரை வீட்டுக்கு நானும் கப்டனும்தான் பொறுப்பு. எனக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று: வாசல் கேற்றுக்குக் கொளுக்கி போட்டிருக்க வேண்டும்.

பின்னேரம் மூன்றரைக்குப் பேக்கரியிலிருந்து பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவால் வரும். காலையிலும் ஒரு முறை வரும். அந்தப் பாட்டுக் கேட்டால் கப்டன் வானத்தைப் பார்த்து ஊளையிடும். எனக்கு அந்தப் பாட்டுக் கேட்டால் கிம்புலா பணிசின் நினைவு வரும். முதலை வடிவில் செய்து, மேலே சீனி தூவிய பணிஸ் அது. அன்றைக்குப் பாண்காரர் தெருவின் மறுபக்கம் நிறுத்தியிருந்தார். காசை எடுத்துக்கொண்டு ஓடினேன். பணிசைக் கையில் வாங்கும்போதுதான் பின்னால் பிரேக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கப்டன் என்னைத் தேடிக்கொண்டு பாதித் தெரு வரைக்கும் வந்திருந்தது. இடித்த வான் வண்டி நிற்காமல் போய்விட்டது.

பாண்காரர்தான் ஓடிப்போய்க் கப்டனைத் தூக்கினார். ஒரு தட்டில் இருந்த பாணையெல்லாம் இருக்கையில் கொட்டிவிட்டு, அந்தத் தட்டில் சாக்கைப் போட்டுக் கப்டனைக் கிடத்தினார். என்னை ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியசாலைக்கு ஓட்டோவை விட்டார். அவசரத்தில் பாட்டை நிறுத்த மறந்துவிட்டார். வழி நெடுகப் பாட்டுக் கேட்டு ஆட்கள் காசோடு கேற்றடிக்கு வந்தார்கள். நாங்கள் நிற்காமல் போனதைப் பார்த்து ஒரு கிழவர் கையை நீட்டி ஏசினார். நான் கப்டனின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

பாண்காரரின் போனிலிருந்துதான் அம்மாவுக்குச் சொன்னேன். அலுவலகத்திலிருந்து மூச்சு வாங்க வந்து சேர்ந்த அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். அவரைக் கண்டதும் என் வாயில் வந்தது இதுதான்:

"நான் பள்ளிக்கூடத்தாலை வரேக்கையே கேற் திறந்து கிடந்தது, அம்மா."

காலையில் வீட்டை விட்டுக் கடைசியாகப் போனவர் அம்மா. அது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அம்மா என்னைப் பார்த்தார். பாண்காரர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கை ஒரு நொடி நின்றது. பிறகு சுவரில் ஒட்டியிருந்த மாட்டு நோய் பற்றிய அறிவித்தலை மிகவும் அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினார்.

"ஓம்," என்றார் அம்மா. "காலமை அவசரத்திலை நான்தான் கொளுவாமல் போயிருப்பன்."

அம்மா இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆறுதல்தான் அதிகம்.

முன் இடது காலைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் கப்டன் வீட்டுக்கு வந்தது. கால் போனது அதற்கு யாரும் அறிவிக்காத செய்தி. பழைய வேகத்தில் எழும்பும், தாடை நிலத்தில் அடிபட விழும். தண்ணீர் குடிக்கக் குனிந்தால் கோப்பைக்குள் முகம் குத்தும். அம்மா இரண்டு செங்கல்லை அடுக்கி அதன் மேல் கோப்பையை வைத்தார். சீமெந்துத் தரையில் வழுக்காமல் இருக்க அறையிலிருந்து குசினி வரைக்கும் சாக்கு விரித்தார். அந்தச் சாக்குகளில் நானும் அம்மாவும்தான் அதிகம் தடக்கி விழுந்தோம். எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, அது மாமரத்தடியில் குழி தோண்டப் போவதுதான். வலது காலால் ஒரு பிறாண்டு பிறாண்டும். அடுத்தது இடது காலின் முறை. அந்த வெறும் தோள் மட்டும் முன்னும் பின்னும் அசையும். மண் அசையாது. கொஞ்ச நேரம் குழியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

அப்பாவுக்குச் சொல்வதில்லை என்று அம்மா முடிவு செய்தார். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வெளிநாட்டில், கடலில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி அனுப்புவதில்லை. அம்மம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததையே அவர் எழும்பி நடமாடிய பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னோம். வந்து நேரில் பார்க்கட்டும் என்றார் அம்மா. ஆனால் அப்பாவோ படம் கேட்கிற மனிதர்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அம்மாவின் தம்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். அவருடைய தொழில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. கழுத்து நேராக, பல் தெரியாமல், இரண்டு காதும் தெரிய. கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனாலும் மாப்பிள்ளையின் காதைத்தான் முதலில் பார்ப்பார். ஸ்ரூடியோவில் சும்மா கிடந்த ஒரு பழைய கமராவை எனக்குத் தந்தார். "படத்திலை காது ரெண்டும் விழுந்தால் காணும், மருமகள். காலை ஆர் பாக்கப்போகினம்," என்றார்.

அன்றிலிருந்து நான் கப்டனின் படப்பிடிப்பாளர் ஆனேன். பூச்சாடிக்குப் பின்னால் கப்டன். உடுப்புத் தோய்க்கும் பேசினுக்குள் கப்டன். கடற்கரைக்குத் தூக்கிப் போய், கழுத்து வரைக்கும் மண்ணை அணைத்து, கடலைப் பார்க்கும் கப்டன். எல்லாப் படத்திலும் இரண்டு காதும் இருந்தன. பொறுமையாகவே இருந்தது, பாவம். அப்பாவுக்கு நல்ல சந்தோசம். பிள்ளைக்குப் படம் எடுக்கும் கை வந்துவிட்டது என்று எழுதினார்.

பிறகு ஒருநாள் அப்பா கேட்டார், கப்டன் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு முழுப் படம் வேண்டுமாம். கப்பலில் யாருக்கோ காட்ட வேண்டுமாம்.

அம்மா இப்போதாவது சொல்லிவிடுவோமா என்று யோசித்தார். சொன்னால் கேற்றின் கதையும் வரும். மாமாவிடம் ஓடினேன். கொம்பியூட்டரில் ஒரு கால் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். சேர்ட் போடாமல் வருகிற ஆளுக்கே கோட்டும் ரையும் போட்டு அனுப்புகிறவன் நான் என்றார் மாமா. கால் மட்டும் கொண்டு வரச் சொன்னார்.

மூன்று நாள் பின்னேரங்களில் கமராவோடு கால் தேடி அலைந்தேன். மீன் சந்தை வாசலில், பஸ் நிலையத்தில், கோட்டைப் பக்கம் மான்களோடு படுத்துக் கிடக்கிற நாய்களிடையில். நாய்களை நான் அவ்வளவு உற்றுப் பார்த்தது அப்போதுதான். எல்லா நாய்க்கும் நான்கு கால் இருந்தது. ஒரு நாயாவது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சொறிந்துகொண்டும் தோண்டிக்கொண்டும் கிடந்தன. எனக்கு அவற்றின் மேல் ஆத்திரமாக வந்தது.

பதினொரு நாய்களின் காலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் நிறத்துக்குச் சரிவரவில்லை என்றார் மாமா. பிறகு கப்டனின் சொந்தக் காலையே வெட்டி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கம் திருப்பி ஒட்டினார். எவ்வளவு அழகாக இருந்தது. நான்கு காலோடு, நிமிர்ந்த கழுத்தோடு, இரண்டு காதோடு கப்டன். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றியது. அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"இவனுக்கு மற்றக் காலும் எப்ப வெள்ளையானது?"

மாமா, நான், அம்மா, மூன்று பேரும் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தோம். இரண்டு முன் பாதமும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. காதில் பிழை இல்லையே என்றார் மாமா.

அன்று மாலை அப்பா அழைத்தார். அம்மா போனை மேசையில் வைத்துப் பேசினார், எனக்கும் கேட்டது. வான் இடித்ததைச் சொன்னார். காலை எடுத்ததைச் சொன்னார். அப்பாவின் பக்கமிருந்து எஞ்சின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, கேற்றைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டார்.

நான் கப்டனின் காதைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்.

"நான்தான்," என்றார் அம்மா. "காலமை கொளுக்கி போட மறந்துபோனன்."

"ஒரு கொளுக்கியைப் போட உமக்கு ஏலாதோ?" என்றார் அப்பா. அப்பா அம்மாவோடு அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அம்மா மேசைவிரிப்பின் நுனியை நேராக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு இரண்டு கிழமை அப்பா என்னோடு மட்டும்தான் கதைத்தார். எவ்வளவு அன்பாகக் கதைத்தார். அம்மா குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நான் போனை வைத்ததும் வந்து, அப்பா சாப்பிட்டாராமா என்று என்னிடம் கேட்பார். ஓம் என்பேன். கேற்றின் கதையை மட்டும் சொல்லவில்லை.

அப்பா தை மாதம் வந்தார். கேற்றடியில் பெட்டியை வைத்ததும் கப்டன் மூன்று காலில் ஓடி வந்தது. நிறுத்தத் தெரியாமல் அவர் மேலேயே விழுந்தது. அவர் வந்த உடுப்போடு நிலத்தில் இருந்துவிட்டார். அந்த வெறும் தோளைத் தடவித் தடவிப் பார்த்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து செங்கல்லின் மேல் இருந்த கோப்பையையும் அறை நெடுக விரித்திருந்த சாக்குகளையும் பார்த்தார். "இதெல்லாம் நீரே செய்தனீர்?" என்று அம்மாவைக் கேட்டார். அதோடு கோபம் போய்விட்டது.

கோபம் போனதும் கேலி வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், இவ கேற் பூட்டத் தெரியாத மனுசி என்று அப்பா சொல்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். "ஓம், எனக்கு மறதி கூட," என்பார். இப்படி எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு, அம்மாவுக்கு மறதி என்பது எனக்கும் பழகிவிட்டது. அன்று காலையிலும் அவர் கொளுக்கி போடாமல்தான் போயிருப்பார், நான் வந்தபோது அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்றுகூட நினைக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு அம்மா காலையில் என்னோடு சேர்ந்துதான் வெளிக்கிடுவார். நாங்கள் வெளிக்கிட முதல் பாண்காரர் வருவார். கப்டனுக்கென்று ஒரு காய்ந்த பணிசைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். அம்மா அவரோடு கேற்றடியில் நின்று கொஞ்ச நேரம் கதைப்பார். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும்போது கதை நின்றுவிடும். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு ஒருநாளும் யோசனை வந்ததில்லை. அவர் போன பிறகு அம்மா கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, எனக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார்.

"பிள்ளை, ஒருக்கால் பாரும், சரியாப் போட்டனானோ எண்டு."

நான் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். சரி என்பேன். பாவம் அம்மா, எவ்வளவு பெரிய பிழை விட்டுவிட்டார், நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லையே என்று நினைத்துக்கொள்வேன். அவரை மன்னித்துவிட்ட பெருமையோடு, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.